டிகாக்‌ஷன் அல்வாவுக்குச் சான்று வழங்கிய வரலாறு

நடுநாட்டுக் கைவினைச் சான்று வாரியத்துக்குள் பீர் நுழைந்ததற்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். 'கிராஃப்ட் பீர்' தயாரிப்பவர்களுக்கு அனுமதி கொடுக்கலாம் என்று மேலிடத்தில் முடிவானபோது, ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கியவர் அகராதியைப் புரட்டி 'கைவினை பீர்' என்று எழுதினார். கோப்பைப் பிரித்து அனுப்புகிறவர் அந்தத் தொடரில் முதல் சொல்லை மட்டும் படித்தார். கோரைப்பாய்க்கும் பிரம்புக் கூடைக்கும் மண்குதிரைக்கும் சான்று கொடுப்பதற்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாரியம் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. அப்படி ஒரு வாரியம் இருப்பது யாருக்காவது நினைவு வந்தது அநேகமாக அதுவே முதல் தடவை.

தவறி வந்த கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். வாரியத்தின் இயக்குநர் முனைவர் ராஜவேல் அந்த வகை ஆள் இல்லை. கோரைப்பாய் நெய்கிறவர்கள் சான்று இல்லாமலேயே பாயை விற்றுக்கொண்டிருந்தார்கள். மக்கள் சான்று இல்லாமலேயே அதில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாரியத்தின் மேல் இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது என்று ராஜவேல் கூட்டத்துக்குக் கூட்டம் பேசிவந்தார். இப்போது சான்று இல்லாமல் விற்கவே முடியாத ஒரு பொருள் தானாக நடந்து வந்திருக்கிறது. அவர் கோப்பைத் தன் கையாலேயே வாங்கி, மேசையின் வலப்பக்கம் வைத்துக்கொண்டார்.

முதல் விண்ணப்பம் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்தது. அனுப்பியவர் வெண்மதி என்ற இளம்பெண். பெங்களூரில் ஒரு பீர் தயாரிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று ஊர் திரும்பியவர். வறுத்த பார்லியோடு பண்ருட்டி முந்திரியும், பால் சர்க்கரையும், கெட்டியாக இறக்கிய காப்பி டிகாக்‌ஷனும் சேர்த்து ஒரு கறுப்பு பீர் வடித்திருந்தார். விருந்து முடிந்து சாப்பிடுகிற இனிப்பைப் போல, முந்திரி அல்வாவையும் காப்பியையும் ஒரே மடக்கில் குடிப்பதைப் போல இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பெயர் 'டிகாக்‌ஷன் அல்வா'. பெயரைப் பார்த்ததும் வாரியத்தின் சட்ட அலுவலர் லோகநாயகி ஆட்சேபம் எழுதினார். அரசு சான்று கொடுத்த அல்வா என்றால், அரசு மக்களுக்கு அல்வா கொடுப்பதாக அர்த்தம் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்றார். ராஜவேல் அந்த ஆட்சேபத்தைப் படித்துவிட்டு, அது புதிய செய்தி அல்ல என்பதால் நிராகரித்தார்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. உண்ணும் பொருள், பருகும் பொருள் எதுவானாலும் துறை சார்ந்த அனுபவம் உள்ள ஒருவர் சுவைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி சொன்னது. மது அருந்திய அனுபவம் உண்டா என்று கேட்டு ஊழியர்கள் அனைவருக்கும் சுற்றறிக்கை போனது. இல்லை, இல்லவே இல்லை, குடும்பத்திலேயே இல்லை என்று பதில்கள் வந்து குவிந்தன. ஒருவர் இருமல் மருந்துகூட எடுத்துக்கொள்வதில்லை என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலையானால் இவர்களில் பாதிப்பேர் புதுச்சேரி பேருந்தில் ஏறி, எல்லை தாண்டியதும் வரும் கன்னியக்கோயிலில் இறங்குவார்கள். அங்கே மதுக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே மேசையில் உட்கார நேர்ந்தாலும் ஒருவரை ஒருவர் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. வாரியத்தில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒரே நடைமுறை அதுதான்.

மீதி இருந்தது மரியலூர்து. உதவியாளர். பழைய கடலூர்க்காரர். வாலிபத்திலும் அதற்குப் பிறகும் நன்றாகக் குடித்தவர். பிறகு மருத்துவ விடுப்பு எடுத்து, குடிநோய் சிகிச்சை பெற்று, அடியோடு விட்டவர். விடுப்புக்கான காரணத்தை மறைக்காமல் உண்மையை எழுதியிருந்தார். வாரியத்தின் வரலாற்றில் ஊழியர் ஒருவர் விடுப்பு விண்ணப்பத்தில் எழுதிய ஒரே உண்மை அது. இப்போது அது அவருக்கு எதிரே வந்து நின்றது. 'துறை சார்ந்த அனுபவம்: உண்டு. ஆவணச் சான்றும் உள்ளது' என்று குறிப்பு எழுதி, அவரைச் சுவை உறுப்பினராக நியமித்து உத்தரவு போட்டார்கள்.

மரியலூர்து இயக்குநரின் அறைக்குப் போனார். தான் ஒரு சொட்டு தொட்டாலும் மறுபடி பழைய நிலைக்குப் போய்விடக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ராஜவேல் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பது எப்படி என்று அவர் ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருந்தார்.

"மரியலூர்து, நீங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்க. குடிக்கப் போறது நீங்க இல்ல, வாரியம். அன்னிக்கு ஒரு நாளு உங்க வாய் உங்களுது கிடையாது, வாரியத்தோட வாய். உங்க சொந்த நாக்க நீங்க வீட்லயே வெச்சிட்டுக்கூட வரலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல."

"வாரியத்தோட வாயிலேர்ந்து என் வயித்துக்குத்தான சார் போவும்?"

"வயிறு விதியில வரல" என்றார் ராஜவேல். வேறு யாரையாவது போடக் கூடாதா என்று மரியலூர்து கேட்டதற்கு, ஒழுக்கமான ஊழியர்களைக் குடிக்கச் சொல்லித் தன் வாயால் கேட்க முடியாது என்று வருத்தத்தோடு பதில் சொன்னார்.

வீட்டில் மரியலூர்து உத்தரவை மனைவியிடம் காட்டினார். பாத்திமா மேரி பங்குப் பள்ளியில் ஆசிரியை. தங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தில், குடிநோயாளிகளின் குடும்பங்களைப் போய்ப் பார்க்கிற வேலையும் அவருடையது. அந்த வேலைக்கான தகுதியைக் கணவரிடமிருந்துதான் பெற்றார். உத்தரவை இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை.

"வேல போனா பாத்துக்கலாம்" என்றார். "நீங்க மறுபடி அப்பிடி ஆனா நான் பாக்க மாட்டேன். பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

முதல் அமர்வு சிதம்பரத்தில், மேல வீதிக்குப் பின்னால் வாரியம் வைத்திருந்த விற்பனைக் கூடத்தில் நடந்தது. அங்கே எதுவும் விற்றதில்லை என்பதால் இடம் தாராளமாக இருந்தது. மண்குதிரைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் நீள மேசை போட்டு, பச்சைத் துணி விரித்து, நிபுணர் குழு உட்கார்ந்தது. பாய் நிபுணர், கூடை நிபுணர், பீங்கான் நிபுணர் என்று மூன்று பேர், தலைமை ராஜவேல், சட்டத்துக்கு லோகநாயகி. மேசையின் கோடியில், தண்ணீர்க் குவளைக்கு அருகில் மரியலூர்து. எதிரே வெண்மதி தன் பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு நின்றார்.

பீருக்கென்று தனிச் சோதனை முறை வகுக்கப்படவில்லை. இருக்கிற சோதனையையே செய்வது என்று முடிவாகியிருந்தது. முதலில் வெண்மதியின் இரு கைகளையும் நீட்டச் சொல்லி, கைவினைஞருக்குரிய காய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். கொதிகலனைத் துடுப்பால் கிளறியதில் காய்ப்பு இருந்தது; சேர்த்துக்கொண்டார்கள். அடுத்து சாயம் போகிறதா என்ற சோதனை. பாய் நிபுணர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை பீரில் முக்கிப் பிழிந்தார். கைக்குட்டை காப்பி நிறமாகிவிட்டது. சாயம் போகிறது, தரக்குறைவு என்று எழுதினார். கூடை நிபுணர் பின்னலின் நெருக்கத்தைத் தேடினார். நுரையை விரலால் தொட்டுப் பார்த்து, பின்னல் தளர்வு, காற்று அதிகம் என்றார். ஈரம் தாங்குமா என்ற இடத்தில் குழு வெகுநேரம் விவாதித்தது. கடைசியில், 'பொருள் தொடக்கத்திலிருந்தே ஈரமாக உள்ளது. உலர்த்தி மறுபடி கொண்டுவரவும்' என்று பதிவாயிற்று.

வெண்மதி இது பீர் என்று பணிவாக நினைவுபடுத்தினார். அது தங்களுக்குத் தெரியும் என்றும், அந்தப் பொருளைப் பற்றித் தனிப்பட்ட முறையில் தங்களுக்கு எதுவும் தெரியாது என்றும் பீங்கான் நிபுணர் பதில் சொன்னார். சொல்லிவிட்டு உடையும் தன்மையைச் சோதிக்க ஒரு முழு பாட்டிலை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டார். அது உடைந்தது. கூடம் முழுக்கக் காப்பி மணமும், நெய்யில் வறுத்த முந்திரியின் மணமும், அடியில் புளித்த தானியத்தின் மணமும் எழுந்தன. நிபுணர்கள் மூவரும் கண்ணை மூடி ஆழமாக மூச்சு இழுத்தார்கள். பிறகு திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, அறிக்கையில் குனிந்துகொண்டார்கள்.

அந்த மணம் மேசைக் கோடிக்கும் வந்தது. மரியலூர்து இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டார். காப்பியும் முந்திரியும் அவரை ஒன்றும் செய்யவில்லை. அதற்குக் கீழே இருந்த மூன்றாவது மணம் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஆள். அது அவரைப் பெயர் சொல்லி விசாரித்தது.

கண்ணாடிக் குவளையில் கறுப்பாக ஊற்றி, மேலே வெளிர்பழுப்பு நுரையோடு அவர் முன்னால் வைத்தார்கள். கூடவே ஒரு படிவமும் வந்தது. வெளிநாட்டு பீர் சுவைஞர்களின் கையேட்டைத் தூய தமிழில் பெயர்த்திருந்தார்கள். நாசிநயம், நாவுரசல், வாய்நிறைவு, தொண்டையிறக்கம், பின்சுவை. ஒவ்வொன்றுக்கும் நேராக, வாரியம் அங்கீகரித்த சொற்கள். கசப்பு என்ற சொல்லுக்கு அங்கீகாரம் கிடைத்திருக்கவில்லை. அது எதிர்மறைச் சொல் என்று நீக்கியிருந்தார்கள்.

மரியலூர்து குவளையை எடுக்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். ராஜவேல் தொண்டையைச் செருமி, நாட்டுக்காக எத்தனையோ பேர் எதை எதையோ குடித்திருக்கிறார்கள் என்று பொதுவாக ஆரம்பித்தார்.

"நான் குடிக்க மாட்டேன் சார்" என்றார் மரியலூர்து. எழுந்து வெளியே போய், தேர் ஓடும் தெருவில் வெயிலில் நின்றுகொண்டார்.

அடுத்த வாரம் அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பணி நேரத்தில் மது அருந்த மறுத்தது. மேலதிகாரியின் முன்னிலையில் நிதானமாக இருந்தது. இவற்றால் வாரியத்தின் மாண்பைக் குலைத்தது. அரசு ஊழியர் ஒருவர் குடித்துவிட்டு வந்ததற்காக நடவடிக்கைக்கு ஆளான கதைகள் லோகநாயகிக்கு நிறையத் தெரியும். குடிக்காததற்காக வரைவு எழுதியது அவருக்கும் முதல் தடவை. முன்மாதிரி கிடைக்காததால் பழைய குறிப்பாணை ஒன்றை எடுத்து, 'குடித்திருந்தார்' என்று வருகிற இடங்களிலெல்லாம் 'குடிக்காதிருந்தார்' என்று மாற்றினார். மற்றபடி அது கச்சிதமாகப் பொருந்தியது.

விசாரணைக்குக் குறித்த நாள் மது ஒழிப்பு விழிப்புணர்வு வாரத்தின் முதல் நாளாக அமைந்துவிட்டது. காலையில் வாரிய வளாகத்தில் ஊழியர்கள் அனைவரும் வலக்கையை நீட்டி நின்றார்கள். மதுவைத் தொட மாட்டேன், தொடுபவரைத் திருத்துவேன் என்று ராஜவேல் சொல்லச் சொல்ல எல்லோரும் திரும்பச் சொன்னார்கள். மரியலூர்துவும் சொன்னார். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு, அதே ராஜவேல் விசாரணை அதிகாரியாக உட்கார்ந்து, ஏன் குடிக்கவில்லை என்று அவரைக் கேட்டார்.

காலையில்தான் உறுதிமொழி எடுத்தேன், நீங்கள்தான் எடுத்து வைத்தீர்கள் என்றார் மரியலூர்து.

ராஜவேல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உறுதிமொழின்றது பொது. உத்தரவுன்றது தனி. பொதுவா யாரும் குடிக்கக் கூடாது, அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது. அதுக்காகத் தனித்தனியா ஒவ்வொருத்தரும் குடிக்காம இருந்தா ஆட்சி எப்பிடி நடக்கும்?"

லோகநாயகி இதைப் பதிவு செய்யவா வேண்டாமா என்று பேனாவை நிறுத்தினார். பதிவு செய்யச் சொல்லி ராஜவேல் கையசைத்தார். அது நன்றாக வந்திருப்பதாக அவருக்கே தோன்றியது.

உடல்நலக் காரணம் என்றால் மருத்துவச் சான்று கொண்டுவரட்டும் என்று முடிவாகியது. மரியலூர்து தனக்குச் சிகிச்சை தந்த டாக்டர் காயத்ரியிடம் போனார். அவர் இவரைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனார். இவர் மீண்டதைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்வதாகச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் கோபத்தோடு அழுத்தம் திருத்தமாக எழுதிக் கொடுத்தார். இவர் குடிநோயிலிருந்து முழுமையாக மீண்டவர். இவருடைய மன உறுதி பாராட்டத்தக்கது. இவரை மதுவுக்கு அருகில்கூட உட்கார வைக்கக் கூடாது. வாரியம் அதில் முதல் வரியை எடுத்துக்கொண்டது. முழுமையாக மீண்டவர் என்றால் நோய் இல்லை. நோய் இல்லை என்றால் குடிக்கத் தடை இல்லை. மன உறுதியும் பாராட்டத்தக்க அளவில் இருப்பதால், குடித்துவிட்டு நிறுத்திக்கொள்வார். இரண்டாம் அமர்வுக்கு நாள் குறித்தார்கள். இம்முறை சுவைக்க மறுத்தால் பணிநீக்கம் என்று அடிக்குறிப்பு இருந்தது.

அன்று பாத்திமா மேரி பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, தானும் கிளம்பினார். ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, பேருந்து சிதம்பரம் போய்ச் சேர்ந்தது. உள்ளே பார்வையாளருக்கு அனுமதி இல்லை என்றார்கள். தான் பார்வையாளர் இல்லை, கூடை வாங்க வந்திருப்பதாக பாத்திமா மேரி சொன்னார். வாடிக்கையாளர் ஒருவரை எதிர்கொண்ட பழக்கம் இல்லாததால் காவலாளி வழிவிட்டுவிட்டார். பாத்திமா மேரி பிரம்புக் கூடைகளுக்கு நடுவில் ஒரு முக்காலியில், கணவரின் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்.

குவளை மறுபடி வந்தது. படிவமும் வந்தது. மரியலூர்து மறுபடி கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்துவதை வெண்மதி ஊற்றும்போதே கவனித்துவிட்டு, இயக்குநரிடம், அவருக்கு வேண்டாமே சார், எனக்குச் சான்று வராவிட்டாலும் பரவாயில்லை என்றார். விண்ணப்பதாரர் குறுக்கிடக் கூடாது என்று அவரை உட்காரவைத்தார்கள். ராஜவேல் படிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நாசிநயம்? மரியலூர்து வாய் திறக்கவில்லை. நாவுரசல்? இல்லை. வாய்நிறைவு, தொண்டையிறக்கம், எதற்கும் பதில் இல்லை. பின்சுவை என்று கேட்டபோது மரியலூர்து நிமிர்ந்தார்.

"அது என்னன்னு சொல்லுங்க சார்."

குடித்து முடித்த பிறகும் நாக்கில் தங்குவது என்று பீங்கான் நிபுணர் விளக்கினார்.

"அது எனக்குத் தெரியும். அதுக்கு இதக் குடிக்கத் தேவையில்ல" என்றார் மரியலூர்து. குவளையை மெதுவாக மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்தார். "எம் பொண்ணு அனிதா அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. ஒரு நாள் சாயந்தரம் நான் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு சுவத்தோரம் கெடந்தேன். நெனவு இருந்துச்சு, எழுந்திரிக்க முடியல. அவ கூட்டாளிப் பிள்ளைங்களோட வந்தா. யாருடி அதுன்னு ஒரு பிள்ள கேட்டுச்சு. என்னப் பாத்தா. நல்லாப் பாத்தா. தெரியலன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

பாத்திமா மேரி இதுவரை இதைக் கேட்டதில்லை. முக்காலியில் இருந்தபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதுக்கப்புறம் நான் ஒரு சொட்டு தொடல. அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, அப்பான்னு நல்லாத்தான் பேசறா. ஆனா அந்தச் சுவை போவல சார். காலையில எழுந்தா நாக்குல இருக்கு. கோயில்ல சாமியார் நாக்குல நன்மை வெக்கும்போதுகூட இருக்கு. பின்சுவைன்னா அதுதான். எழுதிக்கங்க."

பாய் நிபுணர் மூக்கை உறிஞ்சினார். ராஜவேல் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"பின்சுவை, நீடித்து நிற்கிறது" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பல ஆண்டுகள் நிற்கிறது. உறுப்பினரே வாக்குமூலம் குடுத்திருக்கார். இந்தத் தலைப்புல முழு மதிப்பெண் போடலாம்."

போட்டார்கள். மற்ற தலைப்புகளுக்குப் பின்சுவையின் அடிப்படையில் சராசரி போட்டுக்கொண்டார்கள். டிகாக்‌ஷன் அல்வாவுக்கு முதல் தரச் சான்று கிடைத்தது. வெளியே வந்ததும் வெண்மதி சான்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மரியலூர்துவின் முன்னால் நின்றார். மன்னிச்சிருங்கண்ணே என்றார். நீ என்னம்மா பண்ணுவே என்றார் மரியலூர்து. பேருந்தில் திரும்பும்போது பாத்திமா மேரி கணவரின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கடலூர் வரும்வரை விடவில்லை.

குற்றச்சாட்டு மட்டும் அப்படியே நின்றது. சுவை சொல்லியிருந்தாலும் குடிக்கவில்லை என்பதால் விசாரணை தொடரும் என்றார் ராஜவேல். அதற்குள் வெளியீட்டு விழா வந்துவிட்டது. அதே கூடத்தில் மேடை போட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள். இங்கே லோகநாயகி ஒரு சட்டச் சிக்கலைக் கண்டுபிடித்தார். மேடையில் அதிகாரிகள் பீர் குடிப்பதாகப் படம் வந்தால் நடத்தை விதிக்கு விரோதம். குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் சான்றளித்த பொருளை வாரியமே நம்பவில்லை என்று ஆகும். ராஜவேல் யோசித்து வழி சொன்னார். பீர் கறுப்பாக இருக்கிறது. கடுங்காப்பியும் கறுப்பாக இருக்கிறது. மேடையில் இருப்பவர்களுக்கு ஆறவைத்த கடுங்காப்பியைக் கொஞ்சம் நுரைக்க ஆற்றி, பீர் குவளையில் கொடுத்துவிடலாம். காப்பி வாங்கி வருகிற பொறுப்பை மரியலூர்துவிடம் கொடுத்தார்கள். அவர் அதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டார். கீழ வீதியில் ஒரு கடையில் நல்ல கடுங்காப்பியாகப் போடச் சொல்லி, ஆறவைத்து, ஐஸ் போட்டு, பெரிய தூக்கில் கொண்டுவந்து திரைக்குப் பின்னால் வைத்தார்.

விழா தொடங்கி, ராஜவேல் வரவேற்புரையில் மூழ்கியிருந்தபோது, திரைக்குப் பின்னால் வெண்மதி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அண்ணே, உங்க காப்பிய சாக்கடையில ஊத்திட்டேன்" என்றார். "என் பீர்னு சொல்லிட்டு என் மேடையிலயே காப்பியக் குடிப்பாங்களா. இப்ப குவளையில இருக்கிறது என் சரக்குதான்."

மரியலூர்து தூக்கைத் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது. தட்டில் குவளைகள் ஏற்கனவே மேடைக்குப் போய்க்கொண்டிருந்தன. யாராவது உண்மையிலேயே குடிக்காதவர் இருந்தால் என்ன செய்வது என்று அவருக்குப் பதறியது. வேகமாக மேடையின் பின்பக்கம் ஏறி, குனிந்து, ராஜவேலின் காதில் சொன்னார்.

"சார், கொஞ்சம் மோந்து பாத்துட்டுக் குடிங்க."

"காப்பிய யாருய்யா மோந்து பாத்துக் குடிப்பாங்க? போய்யா அந்தப் பக்கம்" என்றார் ராஜவேல், முகத்தில் புன்னகை மாறாமல்.

குவளைகள் உயர்ந்தன. படம் எடுத்தார்கள். வரிசையாக எல்லோரும் வாயில் வைத்தார்கள். மரியலூர்து மேடைக்குக் கீழே, விழாவுக்கு வந்திருந்த பாத்திமா மேரியின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மடக்கு உள்ளே போனதும் பாய் நிபுணரின் புருவம் உயர்ந்தது. அவர் பக்கத்தில் இருந்த கூடை நிபுணரைப் பார்த்தார். கூடை நிபுணர் பீங்கான் நிபுணரைப் பார்த்தார். மூவரும் ராஜவேலைப் பார்த்தார்கள். ராஜவேல் கண் இமைக்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது காப்பி இல்லை என்று சொல்ல வேண்டுமானால், இது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் யாரும் அந்த மேடையில் இல்லை என்று ஒவ்வொருவரும் எழுத்தில் கொடுத்திருந்தார்கள்.

லோகநாயகி மட்டும் குவளையை வாய்வரை கொண்டுபோனவர், அங்கேயே நிறுத்தினார். ஒருமுறை முகர்ந்தார். சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, கீழே நின்றிருந்த மரியலூர்துவைப் பார்த்தார். அந்த வரிசையில் உண்மையாகவே குடிக்காத ஒருவர் இருந்தார். குடிக்காத குற்றத்துக்குக் குறிப்பாணை எழுதியவர் அவர்.

மற்றவர்கள் குவளையைக் காலி செய்தார்கள். நிதானமாக, ஒழுங்காக, நுரை மீசையில் படாமல் உதட்டை மடக்கிக் குடித்தார்கள். பழகாதவர்கள் அப்படிக் குடிக்க மாட்டார்கள். ராஜவேல் ஒலிவாங்கியைப் பிடித்து, காப்பி மணம் அருமையாக இருக்கிறது என்றார். முந்திரியும் தெரிகிறது என்றார். நடுநாட்டுக் கைவினைக்கு ஈடு கிடையாது என்றார். இன்னொரு சுற்று வரட்டும், பத்திரிகை நண்பர்கள் படம் சரியாக எடுத்திருக்க மாட்டார்கள் என்றார். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு பாய் நிபுணர் நன்றியுரை சொல்ல எழுந்தார். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் ஒரு மண்குதிரையையும் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை லோகநாயகி விசாரணைக் கோப்போடு இயக்குநரின் அறைக்குப் போனார். மரியலூர்துவையும் கூப்பிட்டார்கள். விசாரணையைத் தொடர்ந்தால் விழாவில் இவர் என்ன பரிமாறினார் என்பதையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ள நேரிடும், அதற்கு மேடையில் இருந்தவர்கள் அனைவரையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கும் என்று லோகநாயகி சட்ட நிலையை விளக்கினார். விளக்கும்போது அவர் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. விளக்கி முடித்ததும் கோப்பை வைத்துவிட்டு வெளியே போனார்.

ராஜவேல் கோப்பை மூடினார். பிறகு திறந்து, 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண் லேசாகச் சிவந்திருந்தது. மரியலூர்து கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, நில்லுங்கள் என்றார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நேத்து அந்தக் காப்பி, எந்தக் கடையில வாங்கனீங்க?"

"கீழ வீதியில சார்."

ராஜவேல் பேப்பர் வெயிட்டைச் சுற்றினார். அடுத்த செவ்வாய்க்கிழமை வாரியக் கூட்டம் இருக்கிறது, உறுப்பினர்கள் எல்லோரும் வருவார்கள் என்றார். கொஞ்சம் ஜாஸ்தியாகவே வாங்கி வந்துவிடலாம் என்றார்.

மரியலூர்து கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார்.

"வாங்கியாறேன் சார்" என்றார். "என்ன வாங்கணும்னு எழுத்துல ஒரு உத்தரவு குடுத்துடுங்க."

ராஜவேல் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பேனா கையில்தான் இருந்தது. மூடியைக் கழற்றினார். வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்து வைத்து, 'பொருள்' என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்தார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. மரியலூர்து சற்று நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு, ஐயா யோசிக்கட்டும் என்று கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு, தன் இருக்கைக்குப் போய் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.